பந்திக்குப் பின் ஒரு பொட்டலம்

எங்கள் சமூகக் கூடத்தில் கல்யாணச் சாப்பாடு முடிந்து கை கழுவி வருகிறவர்களுக்காக வாசலில் ஒரு மேசை போட்டிருக்கும். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு. இன்னொரு தட்டில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். புதிதாக வந்த மாப்பிள்ளை வீட்டார் சிலர் அதைக் கோயில் திருநீறு என்று நினைத்து நெற்றியில் பூசிக்கொண்டதும் உண்டு. பூசிக்கொண்டவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் கேப்ஸ்யூலை உடைத்து, உள்ளே இருக்கும் குட்டி மணிகளைக் கல்வத்தில் போட்டு நைசாக அரைத்த பொடி. கொச்சி மட்டாஞ்சேரித் தமிழர்களுக்குள் அதற்கு 'சார் பொடி' என்று பெயர். அந்த சார் நான்தான்.

டாக்டர் சார் இல்லை. ஏலூரில் உரத் தொழிற்சாலை ஒன்றில், கந்தக அமிலம் தயாரிக்கும் பகுதியின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பா கொச்சங்காடியில் சுக்கு மூட்டை சுமந்தார். நான் வேதியியல் படித்தேன். அந்த ஒரே காரணத்துக்காக எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் என்னிடம் கேட்டார்கள். நானும் பதில் சொன்னேன். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. வேலைக் காலம் முழுவதும் அமிலத்தோடு குடும்பம் நடத்தியவனுக்கு, மனித வயிற்றில் சுரக்கிற ஒரு கிண்ணம் அமிலம் எம்மாத்திரம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இருந்தது இருந்ததுதான்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நெஞ்செரிச்சல் வந்தது. குனிந்து செருப்பு மாட்டினால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும். டாக்டர் ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். சில வாரம் போடுங்கள், அப்புறம் வந்து காட்டுங்கள் என்றார். வீட்டுக்கு வந்தவரிடம் 'சாப்பிட்டுப் போங்க' என்று சொல்வதில்லையா, அப்படி ஒரு மரியாதைப் பேச்சு என்று அதை எடுத்துக்கொண்டேன். திரும்பப் போகவில்லை. கேப்ஸ்யூலை மட்டும் விடவில்லை. மெடிக்கல் ஷாப்பில் பழைய அட்டையைக் காட்டினால் புது அட்டை தருவார்கள். சில வாரம் சில வருடங்களானது. எரிச்சல் இல்லை, ஆகவே நான் கெட்டிக்காரன்.

பிறகு என் மனைவிக்கு முட்டு வலி வந்தது. எலும்பு டாக்டர் வலி மாத்திரையும், வயிற்றுக்குக் காவலாக நான் போடுகிற அதே கேப்ஸ்யூலும் எழுதினார். சில நாளைக்குத்தான், வலி நிற்காவிட்டால் வாருங்கள் என்றார். இவரும் மரியாதை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். வலி மாத்திரை நன்றாகக் கேட்டது. அவள் மறுபடியும் மாடிப்படி ஏறினாள், மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டாள். கேட்கிற மருந்தை எதற்கு நிறுத்த வேண்டும்? அட்டை தீரத் தீர வாங்கிக்கொடுத்தேன்.

சிக்கல் கேப்ஸ்யூலில் வந்தது. அவளுக்குக் கேப்ஸ்யூல் விழுங்க வராது. தண்ணீர் மட்டும் உள்ளே போகும்; கேப்ஸ்யூல் நாக்கின் மேல் தோணி மாதிரி மிதந்துகொண்டு நிற்கும். கண்ணில் நீர் வரும்வரை முயன்றுவிட்டுத் துப்பிவிடுவாள். அப்போதுதான் என் படிப்பு விழித்துக்கொண்டது. ஆய்வகத்தில் முதல் பாடமே இதுதானே: கட்டியைவிடத் தூள் வேகமாகக் கரையும், தூளைவிட மாவு வேகமாக வேலை செய்யும். தொழிற்சாலையில் பழைய ஆய்வகத்தைக் காலி செய்தபோது நான் கொண்டுவந்த பீங்கான் கல்வம் ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. கேப்ஸ்யூலைத் திறந்து மணிகளைக் கொட்டி, விரலில் ஒட்டுகிற அளவுக்கு நைசாக அரைத்து, தேனில் குழைத்துக் கொடுத்தேன். அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. எதிரி வந்து இறங்கிய பிறகுதானே படையை அனுப்ப வேண்டும்.

இந்த மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு இவ்வளவு எளிய விஷயம் தோன்றவில்லையே என்றுகூட அன்று நான் வருத்தப்பட்டேன்.

என்னுடைய கேப்ஸ்யூலை மட்டும் நான் அரைக்கவில்லை. பொடி கசக்கும். அதோடு காலை நடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் யார் உட்கார்ந்து அரைப்பது? முழுசாக விழுங்கிவிட்டுப் போய்விடுவேன். திரும்பி வந்துதான் சாயா, பலகாரம். என் சோம்பல் எனக்கு மருந்தைச் சரியாகக் கொடுத்தது. என் அக்கறை அவளுக்கு அதைக் கெடுத்துக் கொடுத்தது. ஒரே மருந்து, இரண்டு வயிறு, இரண்டு விதமான பலன். என் ஆய்வகத்தில் பயிற்சிக்கு வந்தவர் யாராவது இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அவரை அன்றைக்கே ஏலூரிலிருந்து பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

பொடி வீட்டைவிட்டு வெளியே போனது பக்கத்து வீட்டுக்காரரால். கார்ப்பரேஷனில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் எல்லா நோய்க்கும் ஒரே பெயர், கேஸ், அதாவது வாயு. தலை வலித்தால் கேஸ் தலைக்கு ஏறியது. தோள் வலித்தால் கேஸ் தோளில் தங்கியது. மருமகள் எதிர்த்துப் பேசினால் மாமியாருக்கு வருவதும் கேஸ்தான். அவர் ஒருநாள் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்.

"சாரே, கேஸ் ஏறி இங்கன உட்கார்ந்திருக்கு. எறங்க மாட்டேங்குது."

"என்ன சாப்பிட்டீங்க?"

"கப்பக்கிழங்கும் மத்தி மீன் கறியும். நெறைய ஒண்ணும் இல்ல. அவ வச்சா, நான் தின்னேன்."

மனைவிக்கு அரைத்ததில் ஒரு சிட்டிகை கொடுத்தேன். வாயில் போட்ட மறுநொடி பெரிய ஏப்பம் விட்டார். பொடி தொண்டையைத் தாண்டியிருக்கக்கூட நேரமில்லை. அந்த வேகத்தை என் அரைப்பின் நைசுக்குச் சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

"எறங்கிடுச்சு. சாரே, நீங்க ஆஸ்பத்திரி வச்சிருக்கணும்" என்றார் அவர்.

நான் மறுக்கவில்லை.

அவர் சொல்லி நாலு பேர் வந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் கூடத்தின் செயலாளர். அவருடைய மகள் கல்யாணத்தில்தான் முதன்முதலாக வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் பொட்டலத் தட்டு வைக்கப்பட்டது. அதன் பிறகு பொட்டலம் இல்லாத பந்தி மரியாதை இல்லாத பந்தி என்றானது. சமையல்காரர் தைரியமாக மிளகாய் போட ஆரம்பித்தார். இரண்டாம் பாயசத்துக்குத் தயங்கியவர்கள் 'அதான் வாசல்ல சார் பொடி இருக்கே' என்று மூன்றாவதும் வாங்கினார்கள். சில பெண்கள் வீட்டில் இருக்கிற கிழவருக்கு என்று சொல்லி ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனார்கள். யாருக்கு என்ன நோய், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. வெற்றிலை கொடுக்கிறவர் கேட்கிறாரா?

பொட்டலம் மடித்துக் கொடுத்தது என் மனைவி. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கூடத்து நடையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு மடிப்பாள். மடிக்கும்போது அடிக்கடி நிறுத்தி, மேல் வயிற்றில் கையை அழுத்திக்கொள்வாள். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

"என்ன, வலிக்குதா?"

"வயத்துக்குள்ள கனல் வச்ச மாதிரி இருக்குங்க. சோறு போனா இன்னும் கூடுது."

"பொடி சாப்பிட்டியா?"

"பொடிக்கு மட்டும் ஒரு கொறையும் இல்ல. சோறுதான் எறங்கல."

"அப்ப அளவைக் கூட்டணும்."

"ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிடுவமே."

"காட்டினா என்ன செய்வார்? இதே கேப்ஸ்யூலைத்தான் எழுதுவார். அரைச்சா தரப்போறார்?"

அவள் அடுத்த பொட்டலத்தை மடித்தாள். நான் அளவைக் கூட்டினேன்.

எங்கள் மகள் இடக்கொச்சியில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவையாவது வருவாள். அப்படி ஒருமுறை வந்தவள் அம்மாவைப் பார்த்ததும் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா மொகம் வெளுத்துக் கெடக்கு. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. நீங்க கவனிக்கலையா?"

"வயசாகுதில்ல. கொஞ்சம் ரத்தம் கம்மியா இருக்கும்."

"கம்மியாச்சுன்னா எங்க போச்சு?"

எவ்வளவு சரியான கேள்வி. தொழிற்சாலையில் தொட்டியில் மட்டம் இறங்கினால் முதலில் எங்கே ஒழுகுகிறது என்றுதான் தேடுவோம். வீட்டில் நான் மேலே ஊற்றினேன். இரும்புச்சத்து டானிக் ஒரு பாட்டில் வாங்கிவந்தேன். வயிற்று அமிலம் குறைந்தவர்களுக்கு இரும்பு சரியாகச் சேராது என்று எங்கோ படித்ததால் இன்னும் ஒரு மூடி கூடுதலாகக் கொடுத்தேன். அரைகுறையாகப் படித்ததில் ஒரு வசதி உண்டு. எதற்கும் ஒரு காரணம் கையில் இருக்கும்.

சில நாள் கழித்து என் மனைவி என்னருகில் வந்து, பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வெளிக்குக் கறுப்பாப் போகுதுங்க. தார் மாதிரி ஒட்டிக்கிட்டு. நாத்தமும் ஒரு மாதிரி இருக்கு."

"இரும்பு டானிக் குடிச்சா கறுப்பாத்தான் போகும். அது இயற்கை."

"டானிக்குக்கு முந்தியே அப்படித்தான் போச்சு."

"முந்தி நீ சரியாக் கவனிச்சிருக்க மாட்டே."

சொன்னேன். இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். தன் உடம்பில் நடப்பதைக் கவனித்து வந்து சொன்னவளிடம், மாதக்கணக்காக எதையும் கவனிக்காத ஒருவன் சொன்னது.

ஏன் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை என்று மகள் பின்னால் கேட்டாள். செலவுக்குப் பயமா, ஆஸ்பத்திரி என்றால் பயமா? இரண்டும் இல்லை. கூட்டிப்போனால் அந்த டாக்டர், யார் கொடுத்த மருந்து என்று கேட்பார். கூடத்து வாசலில் என் பெயரில் ஒரு தட்டு இருக்கும்போது என் வீட்டு வயிறு வரிசையில் நின்று சீட்டு வாங்குவதா? அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்து வந்த கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வாசல் மேசையருகே நின்று கும்பிட்டவர்களுக்குப் பதில் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி மகளோடு முதல் பந்தியில் உட்கார்ந்தாள். இலையில் வைத்ததை அளைந்துவிட்டு எழுந்தாள். கை கழுவும் குழாயைப் பிடித்தவள் அப்படியே சரிந்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடுவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நோய் என்னவென்றும் முடிவாகிவிட்டது.

"கேஸ்தான். பந்தியில உட்கார்ந்து எந்திரிச்சா இப்படிப் பிடிக்கும்."

"ஒரு சோடா கொண்டா."

"சோடா என்னத்துக்கு? சாரோட சம்சாரம்தானே? பொடி எங்க?"

செயலாளரே தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவள் நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருந்தது. உதடு சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. அதையெல்லாம் தொட்டும் பார்த்தும் தெரிந்துகொண்ட பிறகும் நான் பொட்டலத்தைப் பிரித்தேன். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"அப்பா, அதைக் கீழ போடுங்க" என்றாள் மகள்.

அப்போது என் மனைவி வாந்தி எடுத்தாள். காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டியதுபோல் தரையில் கறுப்பாகப் பரவியது.

"பாத்தீங்களா, உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சு. இனி சொகமாயிடும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கார் பிடித்து வந்தார். மகள் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தாள். எறணாகுளம் போகிற வழியில் தோப்பும்படி பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. என் மனைவி கண்ணை மூடியபடி, "எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை. மகளிடம் சொன்னாள்.

எறணாகுளம் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவர் பேசியது மலையாளம், தமிழில் எழுதுகிறேன். முதலில் ஊசி, ரத்தம், குழாய் என்று வேலைகளை முடித்துவிட்டு என்னிடம் வந்தார். அம்மா என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். வலி மாத்திரை என்றேன். எத்தனை நாளாக என்றார். நாள் இல்லை, மாதம் என்றேன். வயிற்றுக்கு எதுவும் கொடுக்கவில்லையா என்றார். அங்கேதான் நான் நிமிர்ந்தேன். கொடுத்தேன், அதுவும் எப்படிக் கொடுத்தேன் தெரியுமா என்று ஆரம்பித்து, தூளின் பரப்பு, வினையின் வேகம், தேன் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி உள்ளே ரத்தம் ஏறிக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் வெளியே வகுப்பு எடுக்கிறேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "அந்த மணிகளுக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறது, தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன். பல வருடங்களுக்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"அந்த மருந்து அமிலத்தில் பட்டால் கெட்டுப்போகும். வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போகும்வரை கெடாமல் இருக்கத்தான் அந்தப் பூச்சு. நீங்கள் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு அமிலத்திலேயே போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. சாருக்கு எங்கே வேலை?"

"ஆசிட் பிளாண்டில்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்த மருந்து அமிலத்தோடு சண்டை போடுகிற மருந்தே இல்லை என்றும் சொன்னார். அது குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தம் வழியாகத் திரும்பி வந்து, அமிலத்தைச் சுரக்கிற பம்புகளையே மூடுகிறது. சாப்பிட உட்காரும்போது அந்தப் பம்புகள் ஓட ஆரம்பிக்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போடச் சொல்வது. சாப்பிட்ட பிறகு கொடுத்தால் பாதிப் பலன் போய்விடும். சாக்கடையில் சுண்ணாம்பு கொட்டுவதற்கும் ஆலையை நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம். ஆலையிலேயே வேலை பார்த்தவனுக்கு அதை ஒருவர் விளக்க வேண்டியிருந்தது.

"அப்போ என் பொடியால்தான் இது வந்ததா?"

"பொடியால் புண் வரவில்லை. புண்ணுக்குக் காரணம் வலி மாத்திரை. வயிற்றில் கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்திருக்கலாம், பார்க்க வேண்டும். ஆனால் பொடி காவல் காக்கிறது என்று நம்பித்தானே வலி மாத்திரையைத் தொடர்ந்தீர்கள்? அங்கே காவலே இல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார், "கறுப்பாகப் போகிறது என்று அம்மா சொல்லவே இல்லையா? இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே."

மகள் என்னைப் பார்த்தாள். அம்மா கூச்சப்பட்டுச் சொல்லியிருக்க மாட்டாள் என்று அவளே சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பொய் எனக்குத் தயாராக, சூடாக, இலையில் பரிமாறிய மாதிரி இருந்தது.

"சொன்னாள். டானிக்கால் என்று நான் சொல்லிவிட்டேன்" என்றேன்.

மகள் அதற்குப் பிறகு அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

எண்டோஸ்கோபி அறைக்குள் என் மனைவியைக் கொண்டுபோனார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம் கசிகிறது, குழாய் வழியாகவே அதை நிறுத்த முயல்கிறோம், முடியாவிட்டால் அறுவை சிகிச்சை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே உட்கார்ந்திருந்தேன். செயலாளர் போனில் கூப்பிட்டார். அக்கறையாக விசாரித்துவிட்டு, "கடைசிப் பந்தி எந்திரிச்சாச்சு சாரே, பொட்டலம் பத்தல. வீட்ல வேற இருக்கா?" என்றார். நான் போனை அணைத்துவைத்தேன்.

ரத்தம் நின்றது. அவள் பிழைத்தாள். இதை ஒரே வரியில் எழுதிவிடுகிறேன்; அந்த நேரத்தை விரித்து எழுத எனக்குத் தகுதி இல்லை.

வார்டில் அவள் பேசத் தொடங்கியபோது, மகள் கஞ்சி வாங்கப் போயிருந்த சமயம் பார்த்து, "என்னை மன்னிச்சுடு" என்றேன்.

"எதுக்கு?"

"பொடிக்கு. எனக்குத் தெரியாமப் போச்சு."

"தெரியாமச் செஞ்சதுக்கு என்ன மன்னிப்பு. எல்லாருந்தான் தெரியாமச் செய்யறாங்க." ரத்தப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் சொன்னேன், நீங்க கேக்கல. மன்னிப்புக் கேட்டா அதுக்குக் கேளுங்க."

அதற்குக் கேட்டேன். அவள் மறுபடி ரத்தப் பையைப் பார்த்தாள். கஞ்சி வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு மருந்து அவள் கைக்குப் போனது. அவளுக்கு எழுதிய கேப்ஸ்யூலைத் திறக்கலாம், ஆனால் மணி உடையக் கூடாது, ஒரு கரண்டி தயிரில் தூவி, கடிக்காமல் அப்படியே விழுங்க வேண்டும் என்று டாக்டர் காட்டிக்கொடுத்திருந்தார். எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது, கேட்காமல் எதையும் உடைக்காதீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். காலையில் பலகாரத்துக்கு அரைமணி முன்னால் அவளே திறந்து, அவளே தூவி, விழுங்குவாள். முட்டு வலிக்கு அந்தப் பழைய மாத்திரை இனி எப்போதும் கூடாது. வேறு மாத்திரை, உடற்பயிற்சி. நான் உதவிக்குப் பக்கத்தில் போனால், "நீங்க போய்ப் பேப்பர் படிங்க" என்பாள்.

செய்ததைத் திருத்தலாம் என்று கிளம்பினேன். கெடுப்பதற்கு இருந்த வரவேற்பு திருத்துவதற்கு இல்லை. கூடத்தில் ஒரு கூட்டத்தின் முடிவில் எழுந்து நின்று, என் பொடியால் பயனில்லை, யாரும் சாப்பிடாதீர்கள், வீட்டில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள் என்றேன். சபை என்னை இரக்கத்தோடு பார்த்தது. சாருக்கு மனசு தளர்ந்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். செயலாளர் தனியே வந்தார்.

"சாரே, வைகாசி முழுக்கக் கல்யாணம் இருக்கு. திடீர்னு நிறுத்தினா எப்படி?"

"அது மருந்தே இல்லீங்க. செத்த பொடி."

"அப்படின்னா கெடுதலும் இல்லதானே? வேணும்னா சீனியை அரைச்சு மடிச்சுத் தாங்க. ஆளுகளுக்கு ஒரு சமாதானம்."

மறுத்தேன். இப்போது வேறு யாரோ செய்து கொடுக்கிறார்களாம். என்னுடையது இன்னும் நைசாக இருக்கும் என்று நினைவுகூர்கிறார்களாம்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம்தான் என்னை உறுத்தியது. அவரும் இடுப்பு வலிக்கு மாத்திரை போடுகிறவர். அவரை வீட்டில் பிடிக்க முடியாமல், சாயாக் கடையில் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, தின்றுகொண்டிருக்கும்போது பிடித்தேன்.

"உங்களுக்கு வெளிக்கு என்ன நெறத்துல போகுது?"

"சாரே, நான் சாயா குடிச்சிட்டிருக்கேன்."

"கறுப்பாப் போகுதா? எடை கொறைஞ்சிருக்கா? முழுங்கறதுக்குக் கஷ்டமா இருக்கா?"

"இல்லாமதான் இருந்துச்சு. இப்ப நீங்க கேட்டதுல இந்தப் பழம்பொரி முழுங்கக் கஷ்டமா இருக்கு."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளும் போனேன். நெஞ்சில் வந்து உட்காருகிறதே ஒரு வலி, அது கேஸ் என்று உங்களுக்கு யார் சொன்னது, இதயமாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். என் தொல்லை தாங்காமல்தான் அவர் டாக்டரிடம் போனார். டாக்டர் இடுப்பு வலி மாத்திரையை மாற்றிவிட்டார் என்று அவர் மனைவி சொன்னார். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. என்னைக் கண்டால் இன்னும் பழம்பொரித் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறார். மற்றவர்களும் நான் எதிரே வந்தால் சந்து மாறிப் போகிறார்கள்; ஒரு காலத்தில் பொடி கேட்டு வந்தவர்களிடம் இப்போது நான் மலம் கேட்டுப் போகிறேன்.

புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி எண்டோஸ்கோபிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இரைப்பைப் புண் என்றால் ஆறியதைக் கண்ணால் பார்த்துத்தான் விடுவார்களாம். ரத்தம் கசியும்போது செய்த கிருமிப் பரிசோதனையை அப்படியே நம்ப முடியாதாம், அதையும் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற கிருமியும் இல்லாததுபோல் காட்டும், எப்போது நிறுத்துவது என்று நான் சொல்வேன், நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் போனமுறையே சொல்லியிருந்தார். 'நீங்களாக' என்று சொல்லும்போது யாரைப் பார்த்தார் என்று எழுத வேண்டியதில்லை.

நாங்கள் மூவரும் போனோம். எண்டோஸ்கோபி முடிந்ததும் டாக்டர் அறை வாசலில் என் மனைவி என்னிடம், "நீங்க வெளிய இருங்க. நானும் மோளும் போய்ப் பேசிட்டு வரோம்" என்றாள். அவள் சொன்னதில் கோபம் இல்லை. குடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகிற மாதிரி சொன்னாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆறாமல் இருந்தால், ஆறாததற்குள் வேறு ஏதாவது, புற்றுநோய்கூட, இருந்தால் என்று என் படிப்பு வரிசையாகக் காரணங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. முதன்முறையாக அதை வாயை மூடச் சொன்னேன்.

கதவு திறந்தது. மகள் தலையை நீட்டி, "ஆறிடுச்சாம்" என்றாள். பிறகு, "உங்களையும் வரச் சொல்றாங்க" என்றாள்.

என்னை எதற்கு என்று புரியாமல் உள்ளே போனேன். அம்மா எல்லாம் சொன்னார், சார் எத்தனை வருடமாகக் கேப்ஸ்யூல் போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் பதிலைக் கோத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் மனைவி பேசினாள்.

"அவர்கிட்டக் கேக்காதீங்க டாக்டரே, நான் சொல்றேன். ரிட்டயர் ஆனதுலேர்ந்து போடறாரு. எனக்கு இப்படி ஆனதும் ரோஷப்பட்டு ஒரேயடியா நிறுத்தினாரு. ரெண்டு நாள்ல முன்னைவிட நெஞ்சு எரிஞ்சு, எனக்குத் தெரியாம மறுபடி போட ஆரம்பிச்சாரு. அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால வச்சிருக்காரு."

அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

நீண்ட நாள் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் சீறிக்கொண்டு சுரக்கும், அது நோய் திரும்பி வந்ததாக அர்த்தமில்லை, மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். சிலருக்கு இது நீண்ட காலம் வேண்டியும் இருக்கும்; வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் திரும்ப வரச் சொல்கிறோம் என்றார். ரத்தத்தில் சத்து குறைந்திருக்கிறதா என்று ஒரு பரிசோதனை எழுதினார். ராத்திரி சீக்கிரம் சாப்பிடுங்கள், சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள், தலைமாட்டுப் பக்கம் கட்டிலை உயர்த்துங்கள் என்றார்.

"அதுவும் கேக்க மாட்டாரு. மத்தியானம் உண்டதும் படுத்துருவாரு" என்றாள் என் மனைவி.

நான் மறுக்கவில்லை. உண்மைதான். டாக்டர் எனக்கானதை எழுதி முடித்துச் சீட்டைக் கிழித்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி அதை அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கி, மகளிடம் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.